அடிப்பதும் உடைப்பதும்: ஆங்கிலத்தில் எந்த இடத்தில் எந்தச் சொல்?

கேள்வி இதுதான்: ஹிட், ஸ்ட்ரைக், பீட், நாக் நான்குக்கும் அகராதியில் 'அடி' என்றே போட்டிருக்கிறது. பிரேக், கிராக், ஸ்மாஷ், ஷேட்டர், கிரஷ் எல்லாவற்றுக்கும் 'உடை', 'நொறுக்கு'. ஆங்கிலத்தில் எழுதும்போதும், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போதும் எதை எங்கே போடுவது?

இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலத்தைவிடக் கையடக்க அகராதிகள்தான் பெரிய காரணம். தமிழில் 'நூல் உடைந்தது' என்று யாரும் சொல்வதில்லை, அறுந்தது என்கிறோம். குச்சி ஒடிகிறது, எலும்பு முறிகிறது, விறகு பிளக்கிறது, துணி கிழிகிறது, சுவர் இடிகிறது, பலூன் வெடிக்கிறது, பழம் நசுங்குகிறது, அப்பளம் நொறுங்குகிறது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காமலே சின்னக் குழந்தைகள் இதையெல்லாம் பிசகாமல் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல் எதிரே வந்ததும் மட்டும் இந்த நுணுக்கத்தை மறந்துவிட்டு 'அடி', 'உடை' என்ற இரண்டு பொதுச் சொற்களோடு நின்றுவிடுகிறோம். ஆகவே நான் சொல்லும் வழி இது: நடந்ததை முதலில் சரியான தமிழ் வினையில் சொல்லிப் பாருங்கள். எத்தனை முறை விழுந்தது, கையாலா கட்டையாலா, அடிபட்ட பொருள் கண்ணாடி ஜாதியா நூல் ஜாதியா, கடைசியில் துண்டானதா கோடு மட்டும் விழுந்ததா என்ற விவரமெல்லாம் அந்த வினையிலேயே இருக்கும். அது கிடைத்துவிட்டால் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

அடிப்பதிலிருந்து தொடங்குவோம். ஹிட் என்பது இருப்பதிலேயே பொதுவான சொல். ஒன்று இன்னொன்றின்மேல் பட்டது, கொஞ்சம் விசையோடு பட்டது, அவ்வளவுதான். வேண்டுமென்றே அடித்தாலும் ஹிட்தான், தலை தெரியாமல் நிலைப்படியில் இடித்துக்கொண்டாலும் ஹிட்தான். இந்தச் சொல் பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்குப் பொருள் 'எதிர்ப்படு, கண்டடை' என்பது. ஒரு யோசனை தோன்றியதைச் சொல்லும்போது இன்றைக்கும் 'ஹிட் அப்பான் அன் ஐடியா' என்கிறார்களே, அதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. அம்பு குறியில் பட்டதற்கும், விலை உச்சத்தைத் தொட்டதற்கும் ஹிட் வருவதும் இதே வழியில்தான்.

ஸ்ட்ரைக் இதைவிட ஒரு படி கனமானது. எழுத்து நடைக்கும் செய்தி நடைக்கும் உரியது. பெரும்பாலும் ஒரே அடி, குறி வைத்த அடி. மின்னல் தாக்கியது, பாம்பு சீறிக் கொத்த வந்தது, கடிகாரம் பன்னிரண்டு அடித்தது, தீக்குச்சியை உரசினான் எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரைக். பாம்பு விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் அழகாகப் பொருந்துகின்றன: கொத்துவது ஸ்ட்ரைக், கடிப்பது பைட். ஸ்ட்ரைக்குக்குப் பழைய ஆங்கிலத்தில் 'மெல்ல உரசு, தடவு' என்ற பொருளும் இருந்தது. தடவலைக் குறிக்கும் ஸ்ட்ரோக் இதன் உறவுச் சொல்தான். வேலைநிறுத்தத்துக்கு ஸ்ட்ரைக் என்று பெயர் வந்த கதையும் சுவையானது. 1768-இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலிப் போராட்டத்தில் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டு வேலையை நிறுத்தினார்கள். பாயை இறக்குவதற்குக் கப்பல்காரர்களின் சொல் ஸ்ட்ரைக். அது அப்படியே எல்லாத் தொழிலுக்கும் பரவிவிட்டது. அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை.

பீட் என்றால் திரும்பத் திரும்ப. இந்த ஒன்றை மனதில் வைத்தால் போதும். ஒருவன் இன்னொருவனை ஒரு தடவை அடித்தான் என்றால் ஹிட். போட்டு அடித்தான், அடி அடியென்று அடித்தான் என்றால் பீட். பறையடிப்பது, இதயம் துடிப்பது, பறவை சிறகடிப்பது, முட்டையை நுரை வர அடிப்பது எல்லாம் பீட் ஆவதற்குக் காரணம் இந்தத் தொடர்ச்சிதான். ஆம்லெட் போடும்போது இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வரும். முட்டை ஓட்டை விளிம்பில் தட்டி உடைப்பது கிராக், அப்புறம் கிண்ணத்தில் ஊற்றி அடிப்பது பீட். ஹிட் போட்டால் முட்டை தரையில்தான் கிடக்கும்.

தோற்கடிப்பதற்கும் பீட்தான். இங்கே நம்மவர்கள் தொடர்ந்து ஒரு பிழை செய்கிறார்கள். 'இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை வென்றது' என்ற தமிழ் வாக்கியத்தை அப்படியே வின் போட்டு மாற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் வின் பண்ணுவது ஆட்டத்தை, கோப்பையை, பரிசை. எதிராளியை பீட் தான் பண்ண முடியும். 1983 ஜூன் 25-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை 43 ரன்னில் பீட் செய்தது, உலகக் கோப்பையை வின் செய்தது. மாற்றிப் போட்டால் மேற்கிந்தியத் தீவுகளே பரிசாகக் கிடைத்த மாதிரி ஆகிவிடும். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் பீட்டன் என்று வர்ணனையாளர் சொல்வதும் இந்தப் பொருளில்தான். பந்து மட்டையில் படவே இல்லை, பந்து ஜெயித்துவிட்டது.

வெளுத்து வாங்குவதற்கு த்ராஷ். நெற்கதிர் அடிப்பதற்கு த்ரெஷ். இரண்டும் ஒரே பழைய சொல்லின் இரண்டு வடிவங்கள், பிற்பாடு வேலையைப் பிரித்துக்கொண்டன. தமிழில் களத்தில் கதிரடிப்பதும் அடிதான், ஆளைப் போட்டு அடிப்பதும் அடிதான். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஜோடியை விளக்கவே தேவையில்லை.

நாக் என்றால் கெட்டியான ஒன்றில் முட்டுவது, அதில் ஒரு 'டக்' சத்தம் உண்டு. கதவைத் தட்டுவது நாக். கை தவறி டம்ளரைத் தட்டிவிடுவதும் நாக், அங்கே கூடவே ஓவர் வரும். வண்டி ஆளைத் தட்டிச் சாய்த்தால் நாக் டவுன். பேங் அதே சத்தம், பலமாக. டேப் லேசாகத் தட்டுவது, பேட் பாராட்டித் தட்டிக்கொடுப்பது. அறைவது ஸ்லாப், குத்துவது பஞ்ச், உதைப்பது கிக். இவற்றில் சண்டைக்கு இடமே இல்லை, எந்த உறுப்பு என்பதே சொல்லைத் தீர்மானித்துவிடுகிறது. பிள்ளையார் முன்னால் நாம் போட்டுக்கொள்ளும் குட்டுக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. முட்டியால் தலையில் லேசாகத் தட்டிக்கொள்வது என்று விளக்கித்தான் எழுத வேண்டும். எழுதுங்கள், அதில் தவறில்லை.

உடைப்பதற்கு வருவோம். கோயிலில் தேங்காய் உடைப்பதைப் பாருங்கள். அர்ச்சனைத் தேங்காயை குருக்கள் கையில் வைத்து, நடுவில் குறி பார்த்து, இரும்பிலோ கல் விளிம்பிலோ தட்டுகிறார். முதலில் சுற்றிலும் ஒரு கோடு விழுகிறது. அது கிராக். இன்னொரு தட்டு, இரண்டு மூடியாகப் பிரிகிறது. அது ஸ்பிளிட். மொத்த வேலைக்கும் பிரேக் என்று சொன்னாலும் சரிதான். வெளியே வந்தால் ஒருவர் சிதறு தேங்காய் போடுகிறார். தலைக்குமேல் தூக்கிக் கல்லில் ஓங்கி அடிக்கிறார். அவர் செய்தது ஸ்மாஷ். தேங்காய்க்கு நடந்தது ஷேட்டர். ஒரே காய், ஒரே கோயில், ஐந்து சொற்கள். அர்ச்சனைத் தட்டில் ஸ்மாஷ் போட்டால் குருக்கள் கோபித்துக்கொள்வார்.

அதாவது பிரேக் எல்லாவற்றுக்கும் பொது: முழுசாக இருந்தது இப்போது முழுசாக இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. கடிகாரம் ஒரு கீறலும் இல்லாமல் நின்றுபோனாலும் ஆங்கிலத்தில் அது பிரோக்கன். தமிழில் அதை உடைந்தது என்று எழுதினால் தப்பு, கெட்டுவிட்டது, பழுதாகிவிட்டது என்றுதான் எழுத வேண்டும். மொழிபெயர்ப்புகளில் 'உடைந்த தொலைபேசி', 'உடைந்த மின்தூக்கி' என்றெல்லாம் வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யவில்லை, அவ்வளவுதானே.

ஸ்மாஷ் என்பதில் அடிக்கிறவரின் ஆவேசம் தெரியும். அடிபடும் பொருள் எதுவாகவும் இருக்கலாம்: டிவி, கார் கண்ணாடி, பூட்டு. ஷேட்டர் அப்படி இல்லை. கண்ணாடி, பீங்கான், பனிக்கட்டி மாதிரி நொறுங்கும் தன்மையுள்ள பொருள்தான் ஷேட்டர் ஆகும், சில்லு சில்லாகச் சிதறும். ஆள் யாரும் அடிக்காமலும் ஆகும், கொதிக்கிற டீயை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் தெறிக்கிற மாதிரி. துணியோ ரப்பரோ ஒருநாளும் ஷேட்டர் ஆகாது. மனசையும் கனவையும் நொறுங்குகிற பொருளாக வைத்துப் பேசுவதால் அவற்றுக்கு இந்தச் சொல் வருகிறது.

கார் கண்ணாடியில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரியின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்து உங்கள் முன்கண்ணாடியில் படுகிறது. கல் பட்டது ஹிட். கடுகளவு சில்லு பெயர்ந்தால் அது சிப். கோப்பையின் விளிம்பு மூளியானாலும், பல்லின் நுனி உடைந்தாலும் இதே சிப்தான். அந்தச் சிப்பைக் கவனிக்காமல் விட்டால், வெயிலிலும் அதிர்விலும் அதிலிருந்து ஒரு கோடு ஓட ஆரம்பிக்கும். அது கிராக். ஆனால் முன்கண்ணாடி பொதுவாக உதிர்ந்து விழாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியிருப்பார்கள், எவ்வளவு விரிசல் விட்டாலும் படலம் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டுக் கதவுக் கண்ணாடி பெரும்பாலும் வேறு ஜாதி. அதைச் சூடாக்கி வேகமாகக் குளிர வைத்திருப்பார்கள், அதனால் மேற்பரப்பு உள்நோக்கி அழுத்தத்திலும் நடுப்பகுதி இழுவிசையிலும் இருக்கும். ஒரு இடத்தில் உடைந்தாலே மொத்தமும் சின்னச் சின்ன மணிகளாகக் கொட்டிவிடும். அது ஷேட்டர். இன்சூரன்ஸ் படிவத்திலோ ஆங்கிலப் புகாரிலோ முன்கண்ணாடிக்கு ஷேட்டர்ட் என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் 'எப்படி?' என்று கேட்பார். மொபைல் திரைக்கும் இதே கணக்கு. கோடு விழுந்து இன்னும் வேலை செய்கிறதென்றால் கிராக்ட்.

கிரஷ், கிராஷ் இரண்டும் எழுத்தில் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தாலும் நடக்கிற விஷயம் முற்றிலும் வேறு. கிரஷ் செய்ய ஓங்கி அடிக்கவே வேண்டாம். அழுத்தம் போதும். பூண்டை நசுக்குவது, கரும்பை ஆலையில் அரைப்பது, கல்லை ஜல்லியாக்குவது எல்லாம் கிரஷ். நம் ஊரில் ஜல்லி உடைக்கும் ஆலைக்கே கிரஷர் என்றுதான் பெயர். சர்க்கரை ஆலைகளின் கிரஷிங் சீசனுக்குத் தமிழில் 'அரவைப் பருவம்' என்று அருமையான சொல் புழங்குகிறது. சமையலறையில் நம் வினைகள் இன்னும் நுணுக்கமானவை: இஞ்சியைத் தட்டுகிறோம், மிளகை இடிக்கிறோம், சட்னியை அரைக்கிறோம், பருப்பைக் கடைகிறோம். இடிப்பது பௌண்ட், அரைப்பது கிரைண்ட், கடைவது ஏறக்குறைய மாஷ். சமையல் குறிப்பை மொழிபெயர்க்கிறவர் எல்லாவற்றுக்கும் கிரைண்ட் போட்டால் ரசம் கெட்டுவிடும், ஏனென்றால் இடித்த மிளகும் அரைத்த மிளகும் ஒன்றல்ல.

கிரஷ் என்ற சொல்லை ஒழுங்காகப் புரிந்துகொள்வது உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலும் முக்கியம். கூட்டத்தில் மக்கள் இறந்தால் இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் ஸ்டாம்பீட் என்று எழுதுகின்றன. அந்தச் சொல் மிரண்டு ஓடும் மாட்டு மந்தைக்கு உரியது. மக்கள் பீதியில் கண்மண் தெரியாமல் ஓடி, ஒருவரை ஒருவர் மிதித்துவிட்டார்கள் என்ற பொருளை அது கொண்டுவந்துவிடுகிறது. பல சம்பவங்களில் ஓடவே இடம் இருப்பதில்லை. 1989 ஏப்ரல் 15-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர ஹில்ஸ்பரோ மைதானத்தில் 97 பேர் உயிர் போகக் காரணமான சம்பவத்திலும், 2022 அக்டோபர் 29 இரவு சியோலின் இத்தேவான் சந்தில் 159 பேர் இறந்ததிலும் நடந்தது கிரஷ். நாலா பக்கமும் உடல்கள் அழுத்த, நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல், பலர் நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறிப் போனார்கள். ஸ்டாம்பீட் என்று எழுதும்போது பழி கூட்டத்தின்மேல் விழுகிறது. கிரஷ் என்று எழுதும்போது இவ்வளவு பேரை இவ்வளவு குறுகலான இடத்தில் யார் விட்டது என்ற கேள்வி எழுகிறது. தமிழ்ப் பத்திரிகைகள் 'கூட்ட நெரிசல்' என்று எழுதுகின்றன. நெரிதல் என்பது கிரஷ் தான். நாம் சரியாகவே சொல்கிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அதைக் கைவிட்டு ஸ்டாம்பீட் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கிராஷ் என்றால் வேகமாக வந்து மோதி, பெரும் சத்தத்தோடு நொறுங்குவது. விமானம், கார், பைக். கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டாலும், 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த மாதிரி விலைகள் விழுந்தாலும் கிராஷ். இலக்கணத்தில் ஒரு சின்ன விஷயம்: கார் மரத்தை ஹிட் செய்யும், ஆனால் மரத்துக்குள் கிராஷ் ஆகும், அதாவது கூடவே இன்டு வேண்டும். கொலைட் என்றால் மோதிக்கொள்வது. இரண்டும் நகர்ந்துகொண்டிருந்தால்தான் கொலைட் என்று பழைய செய்தி ஆசிரியர்கள் சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். பொதுப் பேச்சில் அந்த விதி செல்லாது. ஆனால் கப்பல் சட்டத்தில் செல்லும்: நகரும் கப்பல் அசையாத பொருளில் மோதினால் அதற்கு அலிஷன் என்றே தனிச்சொல் இருக்கிறது. 2024 மார்ச் 26-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற சரக்குக் கப்பல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியதே, சட்டப்படி அது அலிஷன். செய்திகளில் கப்பல் தூணை ஸ்ட்ரக், பாலம் கொலாப்ஸ்ட்.

கொலாப்ஸ் என்றால் தாங்க முடியாமல் தானாக இடிந்து விழுவது. டெமாலிஷ் என்றால் திட்டமிட்டு இடிப்பது. தமிழில் 'இடிந்தது', 'இடித்தார்கள்' என்று ஒரே வினை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும், ஆங்கிலத்தில் சொல்லையே மாற்ற வேண்டும். சென்னை மௌலிவாக்கத்தில் அடுத்தடுத்து நின்ற இரண்டு 11 மாடிக் கட்டடங்களில் ஒன்று 2014 ஜூன் 28-இல் கொலாப்ஸ் ஆகி 61 பேர் இறந்தார்கள். மற்றொன்றை 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்து டெமாலிஷ் செய்தார்கள். பழைய மண்சுவர் மழையில் ஊறி உதிர்ந்துகொண்டே போவது கிரம்பிள். பிஸ்கட் உதிர்வதும் அதுதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்லியதாக, இறுக்கமாக இருக்கும் ஒன்று 'டக்'கென்று ஒடிந்தாலோ அறுந்தாலோ ஸ்னாப்: சுள்ளி, வீணைத் தந்தி, செருப்பு வார். உள்ளேயிருந்து அழுத்தம் தாங்காமல் வெடித்தால் பர்ஸ்ட்: டயர், பலூன், குடிநீர்க் குழாய். ஏரிக்கரையில் உடைப்பெடுத்தால் செய்திக்கு உகந்த சொல் பிரீச். மரம் நார்போக்கில் பிளந்தால் ஸ்பிளிட், சிம்பு சிம்பாகப் போனால் ஸ்பிளின்டர்.

கடைசியாக ஃபிராக்சர். 'பயப்படாதீங்க, ஃபிராக்சர்தான், எலும்பு முறியல' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்கடி கேட்கலாம். மருத்துவத்தில் அப்படி ஒரு வேறுபாடே கிடையாது. ஃபிராக்சர் என்பதும் எலும்பு முறிவு என்பதும் ஒன்றே. மயிரிழை விரிசலும் ஃபிராக்சர், இரண்டு துண்டானதும் ஃபிராக்சர். எந்த வகை என்பதை முன்னால் ஒரு அடைமொழி சேர்த்துச் சொல்வார்கள். அதனால் 'வெறும் ஃபிராக்சர்' என்று அலட்சியமாக நடக்கக் கூடாது.

இது சட்டத்திலும் கனமான விஷயம். ஒருவரை அடித்ததில் எலும்போ பல்லோ ஃபிராக்சர் ஆனால் அது சாதாரணக் காயம் இல்லை, கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 320-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவும் அப்படியே சொல்கின்றன. எலும்பு முழுக்கத் துண்டாக வேண்டுமா, விரிசல் போதுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹோரி லால் வழக்கில், எலும்பு குறுக்கே முழுவதும் வெட்டுப்பட்டிருக்க வேண்டியதில்லை, அதில் பிளவோ விரிசலோ இருந்தாலே ஃபிராக்சர்தான் என்று நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது.

அதே சட்டத்தில் அஸால்ட் என்பதையும் கவனியுங்கள். தமிழில் 'தாக்குதல்' என்று போடுவதால் அடி விழுந்தே ஆக வேண்டும் என்று தோன்றும். பழைய சட்டத்தின் 351-ஆம் பிரிவிலும் புதிய சட்டத்தின் 130-ஆம் பிரிவிலும், அடிக்கப் போகிறான் என்று எதிராளி அஞ்சும்படி கையை ஓங்கினாலே அஸால்ட் முடிந்துவிடுகிறது. கை மேலே பட வேண்டியதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் புகார் எழுதும்போது அஸால்ட்டட் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அறைந்தாரா, குத்தினாரா, கட்டையால் பலமுறை அடித்தாரா என்பதை ஸ்லாப்ட், பஞ்ச்ட், பீட் வித் எ ஸ்டிக் என்று நடந்தபடியே எழுதுங்கள். அங்கே பீட் இறந்தகாலத்திலும் பீட் தான், பீட்டட் கிடையாது. ஹிட், பர்ஸ்ட், ஸ்பிளிட் மூன்றும் அதே மாதிரி உருமாறாதவை.